சீவாளி எழுப்பிய வினா

2025ஆம் ஆண்டில் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டையை மாணவர்க்குக் காட்டச் சென்றிருந்தோம். வேங்கடரமணர் கோயிலையும் சாதத்துல்லாகான் பள்ளிவாசலையும் கண்டு, கால்கள் ஓய்ந்து மாலையில் ஊருக்குள் திரும்பினோம். திருமண மண்டபமொன்றின் வாயிலில் முதிய நாகசுரக் கலைஞர் சீவாளியை வாயிலிட்டு நனைத்துக்கொண்டிருந்தார். அருகே கிளாரினெட்டுடன் ஓர் இளைஞர்.

நாம் இயற்பியல் ஆசிரியர் என்றறிந்ததும் பெரியவர் வினவினார்: "ஐயா, என் குழல் நீளம், இவனுடையது குட்டை. துளைகளை மூடி ஊதினால் இவனுடையதே தாழ்ந்து ஒலிக்கிறதே, ஏன்?"

"நாணல் உள்ள முனை மூடிய முனை. இரண்டிற்கும் விதி ஒன்றே, நாணலின் பருமன்தான் வேறு" என்றோம், பல்லாண்டு கரும்பலகையில் எழுதிய துணிவில்.

அவர் மறுக்கவில்லை. இளைஞரைச் சட்ஜம் ஊதச் செய்து, பின்புறச் சாவியை அழுத்தச் சொன்னார். ஒலி மேல் பஞ்சமத்திற்குத் தாவிற்று. பின் தம் குழலில் சட்ஜம் பிடித்து, விரலை மாற்றாமல் மூச்சை இறுக்கினார். மேல் சட்ஜம் எழுந்தது. விதி ஒன்றாயின் தாவல் இரண்டாவதேன்? மாணவர் எம் முகத்தை நோக்கினர். காரவடியில் 1924இல் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானாவின் வாசிப்பைக் கேட்டு மகிழ்ந்த செவிகள்தாம் எம்முடையவை. இதனை ஒருபோதும் கவனித்ததில்லை!

அன்றிரவு விடுதியில் உறங்காமல் தாளில் வரைந்து பார்த்தோம். மூச்சின் அழுத்தம் சீவாளியின் பிளவை மூடப் பார்க்கிறது. குழலுள் சென்று திரும்பும் அலையோ அதனைத் திறந்து மூடுகிறது. தாளத்தை வகுப்பது நாணலன்று, குழலே. கிளாரினெட்டின் உட்குடைவு பெரும்பாலும் உருளை. அலை திறந்த முனையில் மட்டும் தலைகீழாகிறது. நாணல் முனையில் ஆவதில்லை. ஆகவே ஒரு சுற்று நிறைய இருமுறை சென்று திரும்ப வேண்டும். அலைநீளம் குழலைப்போல் நான்கு மடங்கு. அடுத்த ஒலி அடிப்படை அதிர்வெண்ணின் மூன்று மடங்கு, அதாவது மேல் பஞ்சமம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாகசுரமோ உள்ளே கூம்பு. கூம்பின் குறுகிய முனையிலும் அலை தலைகீழாகிறது. ஒருமுறை சென்று திரும்பினாலே போதும். அலைநீளம் இருமடங்கு, அடுத்த ஒலியும் இருமடங்கு.

மறுநாள் காலை மண்டபத்திற்கு விரைந்து, "நேற்று நாம் சொன்னது பிழை" என்று தொடங்கினோம். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டீர்களா?" என்றார்.

பேருந்து புறப்படுமுன் சொன்னோம். கல்லூரி திரும்பியதும் பழைய குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தை அடித்தோம். அதைப் படித்துச் சென்ற முந்தைய ஆண்டு மாணவருக்கு எவ்வாறு தெரிவிப்பது என்பது மட்டும் எமக்கு இன்னும் விளங்கவில்லை.