மூக்கைக் கொண்டு வாங்கிய படகு

பரணில் எங்கேயாவது எலி செத்துக் கிடந்தால், நமது தெருவில் உள்ளவர்கள் நமக்குத்தான் சொல்லியனுப்புவது வழக்கம். இருபது வருஷ காலமாகப் பள்ளிக்கூடத்து ரசாயன சாலையில் கிப் உபகரணத்தின் பக்கத்தில் நின்று ஹைட்ரஜன் ஸல்பைடைச் சுவாசித்து வந்த பிறகும் நமது மூக்கு மழுங்கவில்லை. இதைத் தலைமை ஆசிரியர் ஓர் அதிசயமாகக் கருதுகிறார். நமது மனைவியோ, குடும்பத்துக்கு நேர்ந்த ஒரு தொந்தரவு என்று கருதுகிறாள். பருப்பு அடிப்பிடிப்பதை வாசல் திண்ணையில் இருந்தபடியே சொல்லிவிடும் கணவனிடம் எந்தப் பெண்மணிக்குத்தான் பிரியம் உண்டாகும்?

அந்த மூக்கு 2023-ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போயிற்று. கூடவே நாமும் போனோம்.

மனைவியின் தம்பி அங்கே ஸவுதாம்ப்டன் நகரத்தில் எஞ்சினீயராக இருக்கிறான். அவனுக்குப் பாய்மரப் படகின் மேல் ஆசை விழுந்துவிட்டது. புதுப் படகு என்றால் ஒரு வீட்டின் விலை கேட்பார்கள். ஆகையால் நாலு வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு பழைய படகை வாங்கிவிடுவது என்று தீர்மானித்திருந்தான். 1974-இல் கண்ணாடியிழையினால் கட்டியது; 26 அடி நீளம்; ஸவுதாம்ப்டனுக்கு அருகில் ஹாம்பிள் நதியில் கட்டிக் கிடந்தது. சொன்ன விலை 6,500 பவுன். சிதம்பரம் பிள்ளை 1906-இல் வெள்ளைக்காரக் கம்பெனியோடு போட்டியிட்டுக் கப்பல் விட்ட தூத்துக்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாம். அப்படிப்பட்ட நாம் வெள்ளைக்காரர் ஒருவரின் பழைய படகுக்கு விலை பேச இத்தனை தூரம் போக நேர்ந்ததை நினைத்தபோது கொஞ்சம் சிரிப்பு வந்தது.

"அத்தான், படகின் உடலையும் பாய்மரத்தையும் பார்க்க ஒரு நிபுணரை ஏற்பாடு செய்திருக்கிறேன். ஆனால் உள்ளே ஏதோ ஒரு வாடை வருகிறது. அது என்னவென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றான் மைத்துனன்.

வாடைதானே, கழுவி விட்டால் போகாதா என்று நேயர்கள் கேட்கலாம். படகின் விஷயம் அவ்வளவு சுலபமன்று. சமையலறை, படுக்கை, கழிவறை, எஞ்சின், டீசல் தொட்டி, குடிநீர்த் தொட்டி எல்லாம் 26 அடிக்குள் அடங்கி, பாதி உடல் நீரில் மூழ்கிக் கிடக்கிறது. எங்கே எது கசிந்தாலும் அது கடைசியில் அடிப்பலகைக்குக் கீழே உள்ள பள்ளத்தில் வந்து சேரும். ஆகவே ஒவ்வொரு துர்நாற்றத்துக்கும் ஒரு விலாசம் உண்டு. மேல்தளத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அநேக படகுகளில் அது இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே மரத்தை வைத்துச் செய்ததாயிருக்கும். ஓர் ஆணியின் இடுக்கு வழியாக மழைநீர் இறங்கினால் உள்ளே இருக்கும் மரம் மக்கிப் போகும். வெளியே பார்த்தால் பளபளப்பு. மூக்கை வைத்தால் காளான் வாடை. அதைப் பழுது பார்க்கும் செலவு படகின் விலையையே விழுங்கிவிடக் கூடும்.

நாம் போய்ச் சேர்ந்தபோது படகின் சொந்தக்காரர் எல்லா மூடிகளையும் ஜன்னல்களையும் திறந்து வைத்துக் காற்றோட்டத்தின் நடுவே புன்னகையுடன் நின்று கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேற்பட்டவர். நமக்கு உடனே சந்தேகம் தட்டியது. பழைய படகை விற்பவர் காலையிலேயே காற்றாட விடுகிறார் என்றால், மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதானே பொருள்?

"எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே வருகிறோம்" என்று மைத்துனன் மூலமாகச் சொல்லச் செய்தோம். "தேநீர் போடலாம் என்றிருந்தேன்" என்று முதியவர் தயங்கினார். பிறகு ஆகட்டும் என்று மூடினார். மூவரும் படகுத்துறைப் பலகையில் மேலும் கீழும் நடந்தோம்.

எலி தேடுகிற வித்தையும் இதுவேதான். மூக்கு சோம்பேறிச் சாட்சி. ஒரே வாடையில் சில நிமிஷம் இருந்தால் அது சொல்வதை நிறுத்திவிடும். ஹைட்ரஜன் ஸல்பைடு அதிகமாக இருந்தாலோ மூக்கை அடியோடு மரக்கச் செய்துவிடும். வாடை போய்விட்டது என்று எண்ணி ஆபத்தில் இருப்பான் மனிதன். ஆகையால் மூடி வைத்த அறையில் நுழையும்போது வருகிற முதல் மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

கதவைத் திறந்து முதல் மூச்சை இழுத்தோம். லாவெண்டர்!

படுக்கைகளின் மேலும் அலமாரிகளிலும் சின்னச் சின்னத் துணி முடிச்சுகள். உள்ளே உலர்ந்த லாவெண்டர்ப் பூ. சந்தேகம் உறுதியாயிற்று. அத்தனை முடிச்சுகளையும் பொறுக்கி ஒரு பையில் போட்டுக் கரைக்கு அனுப்பினோம். முதியவர் அதைப் பார்த்தபடி நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு வேட்டை தொடங்கியது. மெத்தைகளைப் புரட்டினால் படகின் சுவரோடு ஒட்டிய பக்கத்தில் பூஞ்சணம். குளிர்ந்த சுவரில் மூச்சுக் காற்றின் ஈரம் படிந்ததால் வந்தது, பெரிய குற்றமில்லை. ஆனால் இடப்பக்கத்து ஜன்னலுக்குக் கீழே இருந்த மெத்தையில் பழுப்பாக ஒரு நீர்க்கோடு தெரிந்தது. அது ஜன்னலின் ஒழுகல். அலமாரி ஒவ்வொன்றிலும் தலையை நுழைத்து முகர்ந்தோம். நமது உருவத்துக்கு இது ஏற்ற வேலையன்று. மைத்துனன் இரண்டு முறை காலைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டியதாயிற்று.

கழிவறையில்தான் நமது பழைய நண்பனைச் சந்தித்தோம். பம்பை ஒரு தரம் அடித்ததும் கூமுட்டை நாற்றம் குப்பென்று வந்தது. "இதற்கு முன்னிருந்தவர்கள்தான் காரணம்" என்று மைத்துனன் முகத்தைச் சுளித்தான். அப்படியல்ல என்று விளக்கினோம். இந்தக் கழிவறைகளைக் கடல்நீரால் கழுவுகிறார்கள். படகு சில நாள் சும்மா கிடந்தால், உள்ளே நீர் வரும் குழாயில் தேங்கிய கடல்நீரில் உள்ள நுண்ணுயிர்கள் செத்து, நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து போகிறது. அதன்பின் ஒருவகைப் பாக்டீரியா தலையெடுத்து, கடல்நீரின் ஸல்பேட்டை ஹைட்ரஜன் ஸல்பைடாக மாற்றிவிடுகிறது. கடல்நீர் ஒரு கிலோவில் இரண்டரை கிராமுக்கு மேல் ஸல்பேட் இருப்பதால் அதற்குத் தீனிப் பஞ்சமே இல்லை. கரைக்குத் திரும்புமுன் ஒரு செம்பு நல்ல தண்ணீரை விட்டுக் குழாயைக் கழுவினால் தீர்ந்தது.

கழிவு வெளியே போகும் குழாய் வேறு விஷயம். பழைய குழாயாக இருந்தால், ஓட்டை எதுவும் இல்லாமலே நாற்றம் அதன் சுவரை ஊடுருவி வெளியே வரும். வெந்நீரில் பிழிந்த துணியைக் குழாயின் மேல் சுற்றி, ஆறிய பிறகு துணியை முகர்ந்து பார்க்க வேண்டும். துணியில் வாடை ஏறியிருந்தால் குழாயை மாற்ற வேண்டியதுதான், கழுவிப் பயனில்லை. வெந்நீர் வேண்டும் என்றோம். முதியவர் மகிழ்ச்சியுடன் சமையல் மூலைக்குப் போனார்.

அவர் பாத்திரத்தில் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் நாம் நடுவிலிருந்த அடிப்பலகையைத் தூக்கி, மண்டியிட்டுப் பள்ளத்துக்குள் முகத்தைக் கொண்டு போனோம். டீசல் வாடை, பழைய நீரின் வாடை, அவற்றுக்கும் கீழே இன்னொன்று. அழுகிய வெங்காயத்தைப் போல. நமது நாட்டில் சமையலறைக்குள் ஒரு நாளாவது போனவர்கள் யாருக்கும் அதை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை.

நிமிர்ந்து பார்த்தோம். முதியவர் கையில் தீக்குச்சி.

"ஐயோ, பற்ற வைக்காதீர்கள்!"

கத்தியது தமிழில். பி.எஸ்ஸி. படிப்பும் இருபது வருஷ இங்கிலீஷும் அந்தக் கணத்தில் எங்கே போயினவோ தெரியாது. ஆனால் முதியவருக்குப் புரிந்துவிட்டது. குச்சியைக் கீழே வைத்தார்.

மின்சார விசை எதையும் தொடவில்லை, கைபேசியையும் தொடவில்லை. மைத்துனன் வெளியே போய் சிலிண்டரின் வால்வை அடைத்தான். கைப்பம்பினால் அடிப்பள்ளத்துக் காற்றை வெகுநேரம் இறைத்தோம். இந்தக் காஸ் காற்றைவிடக் கனமானது. புரொபேன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, பியூடேன் இரண்டு மடங்கு. வீட்டில் கசிந்தால் வாசற்படி வழியாகவாவது வெளியேறும். படகிலோ தண்ணீரைப் போல அடியில் இறங்கித் தேங்கி நிற்கும். மேலே ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாலும் கூட முழுதும் போகாது. நமக்குத் தேநீர் கொடுப்பதற்காக முதியவர் காலையிலேயே சிலிண்டரைத் திறந்து வைத்திருக்கிறார். அதன்பின் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் இறுக மூடச் சொன்னவர்கள் யார்? நாமேதான். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

காஸுக்கு இயற்கையில் இந்த வாடை கிடையாது. எத்தில் மெர்காப்டான் போன்ற ஒரு கந்தகச் சரக்கை வேண்டுமென்றே கலக்கிறார்கள். காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடும். இந்த வழக்கம் பரவியதற்கு ஒரு பள்ளிக்கூடத்தின் கதை காரணம். 1937-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் தேதி அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து நியூ லண்டன் என்னும் ஊரில், வாடையில்லாத காஸ் பள்ளிக் கட்டிடத்தின் அடியில் சேர்ந்து வெடித்தது. ஏறக்குறைய முந்நூறு பேர் மாண்டனர், பெரும்பாலோர் குழந்தைகள். அதற்குப் பிறகே காஸில் வாடை சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. வருஷந்தோறும் வகுப்பில் இதைச் சொல்லி வருகிறோம். சொல்லுகிறபோது இவ்வளவு அருகில் நின்று சொன்னதில்லை.

அடுப்பின் பின்புறக் குழாய் இணைப்பில் சோப்பு நீரைத் தடவியதும் குமிழி குமிழியாகப் பொங்கியது.

"உங்களுக்கு வாடையே தெரியவில்லையா?" என்று மைத்துனன் சற்றுக் கோபமாகவே கேட்டான்.

"2020-இல் அந்தத் தொற்றுநோய் வந்ததிலிருந்து எனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை" என்றார் முதியவர். "என் மனைவி இருந்தவரையில் அவள்தான் சொல்லுவாள். இந்த முடிச்சுகள் அவள் தைத்தவை. வசந்த காலத்தில் படகில் வைப்பாள். அவள் போய் இரண்டு வருஷமாயிற்று. வாசனை இருக்கிறதா போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. அவள் வைத்தாள் என்று நானும் வைத்தேன்."

நாம் கரைக்குப் போய் அந்தப் பையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தோம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தோம்; அவர் வேறு எதையோ பேச ஆரம்பித்துவிட்டார். முந்திய வாரத்தில் இரண்டு இரவு அவர் அந்தப் படகிலேயே தனியாகப் படுத்திருந்தாராம்.

வெந்நீரைப் படகுத்துறைக் கடையில் வாங்கி வந்து துணிப் பரீட்சையையும் முடித்தோம். குழாய் தோற்றது. விலை பேசும் கலையில் நாம் எவ்வளவோ தயார் செய்து வைத்திருந்தோம். ஒன்றுக்கும் வேலையில்லாமல் முதியவர் தாமாகவே 900 பவுன் குறைத்துக் கொண்டார். நிபுணர் வந்து மேல்தளத்தில் இரண்டு இடத்தில் ஈரம் இருப்பதாக எழுதினார். அதையும் தெரிந்துகொண்டே மைத்துனன் படகை வாங்கினான். காஸ் குழாய், கழிவுக் குழாய் இரண்டையும் மாற்றினான். அடிப்பள்ளத்துக்கு மேலே, தாழ்வாக, காஸ் கசிந்தால் அலறும் கருவி ஒன்றையும் பொருத்தியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முதியவர் படகுக்கு வந்து போவதாக எழுதுகிறான். ஏறியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்றைக்கு என்ன வாசனை?" என்பதுதானாம். "டீசல்" என்கிறானாம் இவன். அது எங்கிருந்து வருகிறதென்று மட்டும் இன்னும் அகப்படவில்லை. அடுத்த மே மாதத்துக்கு டிக்கெட் அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறான்.