தலைக்கு மேலே தட்டான்

ஸான் ஹோஸே, ஈஸ்ட்ரிட்ஜ் ஷாப்பிங் மால் வாசல். 'டர்ர்ர்...' என்று ஒரு சத்தம். அண்ணாந்து பார்த்தால், பழைய ஸ்கூட்டருக்கு இறக்கை முளைத்த மாதிரி ஒரு குட்டி விமானம் விறுவிறுவென்று தாழ்ந்து, பக்கத்திலேயே எங்கோ இறங்கிவிட்டது!

"பதறாதீங்க மாமா, ஏர்போர்ட்தான்" என்றான் மச்சினன்.

பெயர் ரீட் ஹில்வியூ. ரீட் சகோதரர்கள் ஆரம்பித்ததை 1961-ல் சாண்டா க்ளாரா கவுன்ட்டி வாங்கியது. கவுன்ட்டி என்றால் நம்மூர் ஜில்லா மாதிரி. நம் முனிசிபாலிட்டி பஸ் ஸ்டாண்ட் நடத்துகிறதே, அதுபோல அவர்கள் ஏர்போர்ட் நடத்துகிறார்கள்!

டிக்கெட், கன்வேயர் பெல்ட், கஸ்டம்ஸ் கெடுபிடி... மூச்! சொந்த விமானம் வைத்திருப்பவர்களும், ஓட்டக் கற்றுக்கொள்பவர்களும்தான் வாடிக்கை. இரண்டு ரன்வே, ஒவ்வொன்றும் சுமார் 3,100 அடி. மீனம்பாக்கம் மெயின் ரன்வேயில் கால்வாசி. வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தோம். சக்கரம் தரையில் பட்டதும் மறுபடி எழும்பி, வட்டமடித்து, மறுபடி தரையைத் தொட்டு... ஆர்.டி.ஓ. கிரவுண்டில் 'எட்டு' போடுகிறோமே, கிட்டத்தட்ட அதே அவஸ்தை.

"இங்கதான் ஒரு வீடு பார்த்தோம் மாமா. வாடகை தோதாத்தான் இருந்துச்சு. அவ வேணாம்னுட்டா. குழந்தை இருக்கில்ல..."

"சத்தமா?"

"இல்ல, ஈயம்."

ரசம் வைக்கிற ஈயச்சொம்பு ஈயம் அல்ல. இது காரீயம். அமெரிக்காவில் கார் பெட்ரோலில் 1996-லும், இந்தியாவில் 2000-லும் அதை ஒழித்தாயிற்று. ஜெட் எரிபொருளிலும் கிடையாது. இந்தக் குட்டி விமானங்களின் பெட்ரோலில் மட்டும் தொடர்ந்தது. காலனுக்கு இரண்டு கிராம் வரை! அதற்குப் பெயர் 'லோ லெட்'டாம். என்ன அடக்கம் பாருங்கள்.

2021-ல் கவுன்ட்டி ஓர் ஆய்வு வெளியிட்டது. அரை மைலுக்குள் வசிக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடுதல் என்றது. 2022 ஜனவரி 1 முதல் ஈயப் பெட்ரோல் விற்பனை நிறுத்தம். மாற்றாக ஈயமில்லாத 94 ஆக்டேன். சில பெரிய எஞ்சின்களுக்கு அது போதாது என்று பைலட்டுகளுக்குக் கோபம். நியாயம்தான்; நடுவானில் எஞ்சின் மக்கர் பண்ணினால் இறங்கித் தள்ள முடியுமா?

ஒரேயடியாக மூடிவிட கவுன்ட்டிக்கு ஆசை. ஆனால் மத்திய அரசிடம் வாங்கிய மானியத்துக்கு நிபந்தனை: 2031 வரை திறந்திருக்க வேண்டும். அன்றைக்குக் கைநீட்டி வாங்கியாயிற்றே!

காரில் ஏறும்போது மச்சினன் குரலைத் தாழ்த்தினான்.

"அரை மணி நேர ட்ரையல் ஃப்ளைட்டுக்குப் பணம் கட்டியிருக்கேன் மாமா. அடுத்த சனிக்கிழமை. அக்காகிட்டகூட மூச்சு விட்றாதீங்க!"