நைரோபியில் சின்ன லாட்ஜில் தங்கப் போகிறவர்களுக்கு



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். 2004-இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். கம்பெனி அவளை ஆறு வாரம் கென்யாவுக்கு, நைரோபிக்கு அனுப்புகிறதாம். தங்குவதற்குக் கொடுக்கும் படி ரொம்பக் குறைவாம். "டீச்சர், நீங்க அங்க தங்கியிருக்கீங்கல்ல, சின்ன ஓட்டல்ல தங்கலாமா, பயமில்லையா?" என்று கேட்டாள். பத்து நிமிடம் பேசினேன். வைத்த பிறகுதான் பாதியைச் சொல்லவில்லையே என்று உறைத்தது. அதில் ஒரு விஷயத்தை நான் மறந்துபோய் விட்டுவிடவில்லை, சொல்ல மனம் வராமல் விட்டேன். ஆறு வருடத்துக்கு மேலாயிற்று. இங்கே சேர்த்தே எழுதிவிடுகிறேன். பதிவு நீளம். டீச்சர் பதிவு அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உறவுகளுக்குக் கதை தெரியும். 2019 ஜூலையில் என் தம்பி, நைரோபிக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தீக்கா என்ற ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், பைக் டாக்ஸியில் போய் விழுந்து காலை இரண்டு இடத்தில் முறித்துக்கொண்டான். நைரோபியில் ஆஸ்பத்திரி, ஆபரேஷன், பிளேட். அவன் மனைவிக்குப் பாஸ்போர்ட் காலாவதி ஆகியிருந்தது, பையன் பிளஸ் டூ. சிங்கப்பூரில் மகளைப் பார்க்கப் போய்வந்த புண்ணியத்தில் குடும்பத்திலேயே என் பாஸ்போர்ட் மட்டும் தயாராக இருந்தது. ரிட்டயர் ஆகி இரண்டு வருடம், வயது அறுபது. தனியாகக் கிளம்பினேன். பதினாறு இரவு, ஒரு லாட்ஜில்.

முதலில் காகித வேலை. நான் போனபோது மின்விசா. 2024 ஜனவரியிலிருந்து விசா கிடையாது, அதற்குப் பதில் இ.டி.ஏ. என்று ஆன்லைனில் முன் அனுமதி வாங்க வேண்டும். தங்குமிடம் பதிவு செய்த ரசீதையும் கேட்பார்கள். அதற்காக ஆறு வாரத்துக்கும் சேர்த்து ஒரே இடத்தில் பணத்தைக் கட்டிவிடாதே. கட்டணமில்லாமல் ரத்து செய்ய முடிகிற அறையாகப் பார்த்துப் போடு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்து மஞ்சள் காய்ச்சல் ஊசி. இது அங்கே போவதற்கு அல்ல, திரும்பி வருவதற்கு! கென்யாவிலிருந்து வருகிறவர்களிடம் அந்தச் சான்றிதழை நம் நாட்டு விமான நிலையத்தில் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். நான் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன். அறுபது வயது என்றதும் டாக்டர் யோசித்து, நிறையக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் போட்டார். வயதானவர்களுக்கு அந்த ஊசியில் ஆபத்து கொஞ்சம் கூடுதல். ஆகவே பெரியவர்கள் யாராவது போவதாக இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் பேசுங்கள். ஊசி போட்டதும் ஒரு சின்ன மஞ்சள் புத்தகம் கொடுப்பார்கள். அந்த மஞ்சள் புத்தகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சிரிக்க வேண்டிய இடம். முப்பது வருடம் புவியியல் நடத்தியவள் நான். பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஒன்றே கால் டிகிரி, ஆகவே வெயில் என்று நான்கு மெல்லிய காட்டன் புடவையோடு இறங்கினேன். நைரோபி கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,800 மீட்டர். ஏற்காட்டைவிட உயரம். ஜூலை அங்கே குளிர்காலம். "இருப்பிடமும் உயரமும் காலநிலையைத் தீர்மானிக்கின்றன" என்று உங்களையெல்லாம் எத்தனை தடவை எழுத வைத்திருப்பேன்! முதல் இரவு இரண்டு புடவையைச் சேர்த்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் இரவு தூங்காததற்குக் குளிர் மட்டும் காரணமில்லை. மலிவாக இருக்கிறதே என்று படம் பார்த்துப் போட்ட அறை அது. படத்தில் கட்டில் தெரிந்தது, கட்டிலுக்குக் கீழ் மாடியில் இருந்த பார் தெரியவில்லை. விடியற்காலை நான்கு மணி வரை தரை அதிர அதிரப் பாட்டு. மூன்று இரவுக்குக் கட்டிய பணம் போனது போனதுதான், திருப்பித் தரவில்லை. அதனால்தான் சொல்கிறேன். முதல் இரண்டு இரவுக்கு மட்டும் ஒரு நல்ல இடத்தில் தங்கிக்கொள். பகலில் போய் நான்கு லாட்ஜ் ஏறிப் பார். அறையைப் பார்க்காமல் காசு கொடுக்காதே. தெருவைப் பார்க்காத பின்பக்க அறை, முதல் மாடி அல்லது இரண்டாம் மாடி. உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, கதவைச் சாத்தினால் சாவி இல்லாமல் வெளியிலிருந்து திறக்க முடிகிறதா என்று பார். விமானம் ராத்திரி இறங்கினால் ஆப் டாக்ஸிதான், வேறு யோசனை வேண்டாம்.

அங்கே 'ஹோட்டலி' என்று போர்டு இருந்தால் அது சாப்பாட்டுக் கடை, நம் ஊர் மாதிரியேதான். இரண்டாம் நாள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு ஹோட்டலிக்குள் போய் அறை கேட்டேன். பெஞ்சைக் காட்டி உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். தங்குவதற்கு 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்ற போர்டைப் பார்க்க வேண்டும். 'செல்ஃப் கன்டெய்ண்ட்' அறை என்றால் உள்ளேயே குளியலறை இருக்கிறது என்று பொருள். அந்தச் சொல்லைச் சொல்லித்தான் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வராந்தா கோடியில் பொதுக் கழிப்பறை.

கடைசியில் ங்காரா என்ற பகுதியில் கிடைத்தது. ஒரு நாளைக்கு 1,800 ஷில்லிங், அன்றைய கணக்குக்குச் சுமார் 1,200 ரூபாய், காலைச் சிற்றுண்டியோடு. பக்கத்திலேயே பார்க்லாண்ட்ஸ். அங்கே இந்திய வம்சாவளியினர் நிறைய, சைவச் சாப்பாடும் கோயிலும் உண்டு. வெள்ளைக்காரர்கள் 1896 முதல் 1901 வரை போட்ட ரயில் பாதைக்காக முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளை இந்தியாவிலிருந்து கொண்டுபோனார்கள், நைரோபியே 1899-இல் அந்த ரயில்வேயின் முகாமாகத்தான் தொடங்கியது. சப்பாத்தி அங்கேயும் சப்பாத்திதான். சாயா 'சாய்'. மக்காச்சோள மாவில் 'உகாலி' என்று கிண்டுவார்கள், சந்தேகமே இல்லாமல் களிதான். அதோடு 'சுகுமா விக்கி' என்று ஒரு கீரைப் பொரியல். எதிலும் மாட்டு எலும்பு சாறு விட்டிருக்கலாம், சைவம் என்றால் கேட்டு வாங்கு.

குளியலறையில் ஷவர் தலையிலேயே மின்சார ஹீட்டர் இருக்கும். பார்த்தவுடன் பயமாக இருக்கும், கொஞ்சம் பயப்படவும் வேண்டும். சுவிட்ச் பெரும்பாலும் வெளியே. முதலில் சுவிட்சைப் போட்டுவிட்டு ரப்பர் செருப்போடு உள்ளே போ, ஈரக் கையால் ஷவர் தலையைத் தொடாதே. சூடு வேண்டுமென்றால் குழாயைக் குறைத்துத் திற. மின்சாரம் நம் ஊர் அளவுதான், ஆனால் பிளக் மூன்று சதுரக் காலுடையது, நம் பிளக் நுழையாது. அடாப்டர் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். பிளாஸ்டிக் பைகளுக்கு 2017 முதல் தடை, துணிப்பையில் கட்டிக்கொள். பஸ்ஸுக்குப் பதில் 'மட்டாட்டு' என்ற வேன்கள் ஓடும். ஜன்னலோரம் உட்கார்ந்து போன் பார்க்காதே, பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

அங்கே எனக்குப் பெயர் 'மாமா'! வயதான பெண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். 'சரி' என்பதற்கு அவர்கள் சொல்வது 'சாவா'. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தம்பியைத் தள்ளிக்கொண்டு போகும்போது நர்ஸ் ஒருத்தி என் தோளைத் தொட்டு "சாவா, மாமா?" என்றாள். எனக்குக் கை கால் ஓடவில்லை.

தண்ணீர் வாரத்தில் சில நாள்தான் குழாயில் வந்தது. மற்ற நாள் இருபது லிட்டர் மஞ்சள் கேனில் ஒரு பெண் இரண்டு மாடி ஏற்றிக் கொண்டுவந்து வைப்பார். அறை பெருக்குவதும் அவர்தான். முப்பது வயது இருக்கும். தம்பி கதையைக் கேட்டதும் "போலே, மாமா, போலே" என்றார். வருத்தத்தைச் சொல்லும் வார்த்தை அது. நான் டீச்சர் என்று தெரிந்ததும் மகனின் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து அந்தப் பையனின் பின்னக் கணக்கைத் திருத்திக் கொடுத்தேன். குளிருக்குக் கம்பளி ஒன்று கூடுதலாகக் கொடுத்ததும் அவர்தான்.

இங்கிருந்து கிளம்பும்போது ஆளாளுக்கு ஒரு புத்திமதி. பணத்தை ஒரே இடத்தில் வைக்காதே, ரூமில் வைக்காதே, யாரையும் நம்பாதே. நானும் பணத்தைப் பெட்டியில், சாக்ஸில், இடுப்புப் பையில் என்று பிரித்து ஒளித்தேன். அந்த வருடம் ஜூன் மாதம்தான் கென்யாவில் புது நோட்டு வந்திருந்தது, பழைய ஆயிரம் ஷில்லிங் நோட்டு அக்டோபர் முதல் செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். நம் 2016 நினைவில் நான் ஷில்லிங்காக மாற்றாமல் டாலராகவே வைத்துக்கொண்டேன். பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டிய பணத்துக்காக எல்லா இடத்திலிருந்தும் எடுத்தேன், மிச்சத்தைத் திரும்ப ஒளித்தேன். மறுநாள் எண்ணினால் இருநூறு டாலர் இல்லை.

பெட்டியைக் கவிழ்த்தேன். மெத்தையைத் தூக்கினேன். அப்புறம் கீழே போய் மேனேஜரிடம் சொன்னேன். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. "என் அறைச் சாவி வேறு யாரிடம் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். ஒரே ஒருவரிடம்தான் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அவரை அழைத்து என் முன்னாலேயே விசாரித்தார்கள். "நான் எடுக்கவில்லை" என்று ஒரு தடவை சொன்னார். அழவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. அப்போதாவது, "போகட்டும், நானே எங்காவது வைத்திருப்பேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் சுற்றுலாப் பணம் காணாமல் போனபோது, ஆதாரமில்லாமல் ஒருத்தர் மேலும் சந்தேகப்படக் கூடாது என்று ஒரு பீரியட் முழுக்க உங்களிடம் பேசியிருக்கிறேன். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

மீதி நாட்களும் கேன் தவறாமல் வாசலுக்கு வந்தது. ஆனால் 'மாமா' போய் 'மேடம்' ஆகிவிட்டேன். கணக்கு நோட்டு வரவில்லை.

மும்பையில் இறங்கினேன். சுகாதாரக் கவுண்டரில் மஞ்சள் புத்தகத்தைக் கேட்டார்கள். கொடுத்தேன். அந்த அதிகாரி உறையிலிருந்து உருவினார். இரண்டு நூறு டாலர் நோட்டு மேசையில் விழுந்தது. "அம்மா, இதெல்லாம் வேண்டாம்" என்றார் பதறிப்போய். லஞ்சம் என்று நினைத்துவிட்டார்.

அங்கேயே ஓரமாக உட்கார்ந்து லாட்ஜுக்குப் போன் செய்தேன். மேனேஜர் "நோ பிராப்ளம், மேடம்" என்றார். அந்தப் பெண்ணிடம் பேச வேண்டும் என்றேன். இன்று வேலைக்கு வரவில்லை என்றார். வேலையில் இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார், சம்பளத்தில் பிடிக்கிறோம் என்றார்.

ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்ததும் தம்பியை அனுப்பினேன். அந்த மாதம் மூவாயிரம் ஷில்லிங் பிடித்திருந்தார்கள். அதோடு ஐயாயிரம் சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருந்தேன், நான் எழுதிய கடிதத்தையும். அவர் கடிதத்தை வாங்கிக்கொண்டார். மூவாயிரத்தை எண்ணி எடுத்துக்கொண்டார். மீதியை மேசையிலேயே வைத்துவிட்டு "சாவா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாராம்.

மகளே, அந்த லாட்ஜின் பெயரை உனக்கு இன்பாக்ஸில் அனுப்புகிறேன். இடம் சுத்தம், நல்ல மனிதர்கள். பணம் அதிகம் கையில் வைத்துக்கொள்ளாதே. அங்கே பெட்டிக்கடைக்காரர் வரை எம்-பெசாதான், 2007-லிருந்தே போனில் பணம் அனுப்புகிற ஊர் அது. பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கிப் பதிந்துகொள். கையில் இருப்பதை எங்கே வைத்தாய் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வை. நோட்டை மாற்றும்போது சீட்டையும் மாற்று.

அந்தப் பெண் இன்னும் அங்கே வேலை செய்கிறாரா, தெரியாது. இருந்தால் என் பெயரைச் சொல்ல வேண்டாம். தண்ணீர்க் கேனை மட்டும் கீழே போய் நீயே தூக்கிக்கொண்டு வந்துவிடு.

ஸ்வெட்டர் இரண்டு எடுத்துக்கொள்.