தேயாத முனை

பூகம்பத்தை அளக்கும் கருவி என்றால் பெரிய ஆராய்ச்சிசாலையும் அதற்குள் நடமாடும் நிபுணர்களும்தான் நம் மனக்கண்ணில் தோன்றுவார்கள். ஆனால் அதன் தத்துவம் நம் வீட்டு வாசல் கேட்டிலேயே இருக்கிறது. கீல்கள் சரியான நேர்க்குத்தில் அமைந்திருந்தால் கேட்டை எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும். கீல்கள் ஒரு நூலளவு சாய்ந்திருந்தால், அது மெல்ல ஆடி ஆடி ஓரிடத்தில் வந்து நிலைகொள்ளும். சாய்வு குறையக் குறைய அந்த ஆட்டம் சோம்பலாகிக்கொண்டே போகும்.

பூகம்பக் கருவிக்கு இந்தச் சோம்பல்தான் தேவை. தொலைதூரத்துப் பெரிய பூகம்பங்களின் நில அலைகள் ஒரு முறை ஆடி முடிக்க ஏறக்குறைய 20 விநாடி எடுத்துக்கொள்கின்றன. அவ்வளவு நிதானமாக ஆடும் சாதாரண ஊசல் வேண்டுமானால் சுமார் 100 மீட்டர் கயிற்றில் குண்டைத் தொங்கவிட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியிலிருந்து தொங்கவிட்டாலும் உயரம் போதாது. சாய்ந்த கேட்டின் முறையிலோ, இரண்டடிக் கம்பியும் இரண்டு கிலோ எடையும் அந்த வேலையைச் செய்துவிடும். லேமன் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் இப்படிப்பட்ட கருவியைப் பற்றி 1979-இல் 'சயன்டிபிக் அமெரிக்கன்' பத்திரிகை விவரமாக எழுதியது. அதைப் படித்துவிட்டு வீட்டிலேயே கருவி கட்டியவர்கள் பல பேர்.

இதில் எல்லாம் சுலபம், ஓர் இடத்தைத் தவிர. கம்பியின் ஒரு நுனியில் எடை இருக்கிறது. அதை மேலிருந்து ஓர் எஃகு இழை தாங்குகிறது. மறு நுனி தூணில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த முட்டும் இடம்தான் கீல். கடுகிலும் சிறிய அந்த இடத்தில் கிலோக் கணக்கில் அழுத்தம் விழுகிறது. சாதாரண இரும்பானால் நாளடைவில் அங்கே குழி விழுந்துவிடும். முனை அந்தக் குழிக்குள் சுகமாகப் படுத்துக்கொள்ளும். பிறகு பூமி மெல்ல அசைத்தால் எழுந்திருக்காது. பெரிதாக உலுக்கினால்தான் எழுந்திருக்கும். பெரிதாக உலுக்கினால் அதை அறிய நமக்குக் கருவி எதற்கு?

கதை எழுதுகிறவனுக்கு இந்தக் கவலையெல்லாம் ஏன் வந்தது என்று கேட்பீர்கள். நாகப்பட்டினத்துப் பக்கம், கடலோரக் கிராமம் ஒன்றில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவர். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தம்மிடம் படித்த குழந்தைகளில் சிலரை அவர் கடலுக்குக் கொடுத்தார். எத்தனை பேர் என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அவரை வாட்டுவது ஒரு கணக்கு. அன்று சுமத்ராவில் பூமி பிளந்தபோது நம் கடிகாரத்தில் காலை 6 மணி 28 நிமிஷம். நிலத்தின் வழியாக அந்த அதிர்ச்சி சில நிமிஷங்களில் நம் கரைக்கு வந்துவிட்டது. கடல் வந்ததோ இரண்டு மணி நேரத்துக்கும் அப்பால். "சேதி நம் காலடிக்கு வந்துவிட்டது, ஐயா. அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை" என்பார்.

2007 முதல் ஹைதராபாதில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. தம்முடைய கைக்கருவி அதன் வேலையைச் செய்யாது என்பதை அவர் நன்றாக அறிவார். பூமி பேசுகிறது என்பதைக் குழந்தைகள் கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு வரும் எச்சரிக்கையை அலட்சியம் செய்யமாட்டார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. அதற்காகப் பழைய பள்ளியின் ஒரு மூலையில் கருவியைக் கட்டினார். முனைக்கு ஓர் ஆணியைக் கூர்மையாக ராவி வைத்தார். எடையை இழுத்துவிட்டால் நாலைந்து ஆட்டத்தில் நின்றுபோயிற்று. கடற்காற்றில் ஆணியும் துருப்பிடித்தது.

"கோயமுத்தூர் இரும்பு விளைகிற ஊர் என்கிறார்கள். தேயாத முனை ஒன்று பாரும். விலை மட்டும் பள்ளிக்கூடத்து விலையாக இருக்கட்டும்" என்று எனக்கு எழுதினார்.

தேயாத பொருள் என்றால் டங்ஸ்டன் கார்பைடு. டங்ஸ்டனையும் கரியையும் சேர்த்த பொடியை, கோபால்ட் கலந்து அழுத்திச் சுட்டெடுப்பது. ஜெர்மனியில் க்ருப் கம்பெனியார் 1926-இல் இதற்கு 'விடியா' என்று பெயர் வைத்தார்கள். 'வைரத்தைப் போல' என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம் அது. விஞ்ஞானச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் இதில் செய்த முனையும் தட்டும் விலை கேட்டேன். சொன்ன தொகைக்கு அந்தக் கருவியையே இரண்டு தடவை கட்டலாம்.

அப்புறம்தான் தெரிந்தது, என் சட்டைப் பையிலேயே கார்பைடு இருக்கிறது என்று. பால்பாயிண்ட் பேனாவின் நுனியில் உருளும் குண்டு பெரும்பாலும் இதே பொருள்தான். மை தீர்ந்த பேனாக்களுக்கு என்னிடம் பஞ்சம் ஏது? நாலைந்தை எடுத்துக்கொண்டு, கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன்.

அவர் குண்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "ஒரு மில்லிமீட்டர்கூட இல்லீங்களே தம்பி. இத்துனூண்டு மேல ரெண்டு கிலோவை முட்டுக் குடுத்தா, தாங்கலாம், தெறிச்சும் போகலாம். எதுக்குங்க இது?"

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க அப்பாரு சொல்லுவாருங்க, இந்த ஊர்லயும் ஒருக்கா பூமி குலுங்கி, வெடியக்காலம் பண்டம் பாத்திரமெல்லாம் உருண்டுச்சுன்னு" என்றார். 1900 பிப்ரவரி 8-ஆம் தேதி அதிகாலையில் கோயமுத்தூரில் நடந்த பூகம்பம் அது. நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அவர் குடும்பத்தில் அது இன்னும் பேச்சாக இருக்கிறது.

பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை இழுத்தார். தேய்ந்துபோன கார்பைடு டிப்புகளும் ஒடிந்த டிரில்களும் அதில் கிடந்தன. சதுரமான டிப் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அரை அங்குலப் பக்கம்தான். அந்த அளவு இரும்பைப்போல இரண்டு மடங்கு கனத்தது. லேத்தில் வெட்டுவது டிப்பின் விளிம்பு மட்டும். விளிம்பு மழுங்கியதும் கழித்துவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் வழவழப்பான முகத்தை யாரும் தொட்டதே இல்லை.

"தட்டுக்கு இது போதுமுங்க. துளையில்லாததா, மேடுபள்ளமில்லாததாப் பாத்து எடுத்துக்கோங்க" என்றார். ஆனால் அதில் முட்டுவதற்கு ஓர் உருண்டை வேண்டுமே? பெரிய கார்பைடு உருண்டை டப்பாவில் இல்லை. எஃகு உருண்டை வைத்தால் மறுபடியும் துரு. பெரியவர் ஒடிந்த டிரில் இரண்டை எடுத்து, உருண்டையான அடித்தண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக வைத்துக் காட்டினார். இரண்டு உருளைகள் குறுக்காகத் தொட்டால், தொடுகிற இடம் ஒரே ஒரு புள்ளி. உருண்டையும் தட்டும் சந்திப்பதுபோலத்தான். ஒன்று தூணில் நிமிர்ந்து நிற்கட்டும், மற்றது கம்பியின் நுனியில் படுத்துக்கிடக்கட்டும். கம்பி ஆடும்போது ஒன்று மற்றதன்மேல் உருளும், உராயாது. டிப்புக்கே வேலையில்லாமல் போயிற்று.

சில டிரில்களுக்கு அடித்தண்டு வெறும் எஃகாக இருக்கும். அதையும் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். எஃகைக் காந்தம் பட்டென்று பிடிக்கும், கார்பைடை லேசாகத்தான் இழுக்கும். அரம் எஃகைச் சுரண்டும், கார்பைடின்மேல் வழுக்கும்.

பழைய கார்பைடை எடைக்கு நல்ல விலை கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு. ஆகையால் பணம் எடுத்தேன். "பள்ளிக்கோடத்துப் பிள்ளைங்களுக்குத்தானுங்களே" என்று என் கையைத் தள்ளிவிட்டார்.

தண்டுகளை நானே நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோனேன். எடையை இழுத்துவிட்டு ஆட்டங்களை எண்ணினோம். முப்பதுக்குமேல் எண்ணிக்கை தவறிவிட்டது. கருவி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு ஆட்டத்தை அடக்கும் காந்தத்தைப் பொருத்தி, கம்பிச் சுருளைக் கம்ப்யூட்டரோடு இணைத்தார் சிநேகிதர். ஆணி இருந்தபோது செத்த கோடாகக் கிடந்தது இப்போது ஓயாமல் நெளிந்தது. நான் பயந்துவிட்டேன்.

"பூகம்பம் இல்லை. அலை அடிக்கிறதே, அதன் அதிர்ச்சி நிலத்துக்குள் இறங்கி வருகிறது. சில விநாடிக்கு ஒரு துடிப்பு. உலகத்தில் எந்தக் கருவியிலும் இது உண்டு" என்றார்.

கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி, "அப்ப இது கடலா சார்?" என்று கேட்டாள். "கடல்தான் அம்மா" என்றார். அவள் முன்னால் வந்து, திரையில் ஓடிய அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தாள். நெடுநேரம் எடுக்கவில்லை. சிநேகிதர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.