செஞ்சிக் கோட்டையும் ஒரு பொம்மைப் பெட்டியும்

அவலூர்பேட்டையில் எங்கள் இல்லத்தின் நடுக்கூடத்தில் அந்தக் கோடை விடுமுறை முழுவதும் கால் வைக்க இடமில்லை. என் மகள் வயிற்றுப் பேரன், பதினொரு வயதுச் சிறுவன், அங்கே கோட்டை கட்டிக்கொண்டிருந்தான். மருமகன் துபாயில் பணிபுரிகிறார். ஊருக்கு வரும் நண்பர்கள் மூலமாகப் பிள்ளைக்கென்று ஏதேனும் கொடுத்தனுப்புவது அவர் வழக்கம். அப்படி வந்ததுதான் அந்த லெகோ பெட்டி. அதன் மேல் ஒரு கோட்டையின் படம்: சாம்பல் நிறச் சுவர்கள், மூலைக்கொரு கொத்தளம், தூக்குப் பாலம், சிங்கம் பொறித்த கேடயங்களோடு குதிரை வீரர்கள்.

ஆனால் படத்திலிருந்த கோட்டை எழும்பவேயில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீடு மாறியபோது கட்டைகளில் பாதி தொலைந்து போயிற்று. செய்முறைப் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டிப் புரட்டி, "இது இல்லை, இதுவும் இல்லை" என்று அவன் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அத்தா விடுப்பில் வரும்போது முழுக்கோட்டையையும் காட்ட வேண்டும் என்பது அவன் திட்டம்.

"அரைகுறைக் கோட்டையை ஏனப்பா கட்டுகிறாய்? அசல் கோட்டை ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறதே!" என்றேன்.

அவன் நம்பவில்லை. செஞ்சி வழியாகப் பலமுறை பேருந்தில் சென்றிருக்கிறான். கோட்டைக்குள்ளேயே நெடுஞ்சாலை ஊடுருவிச் செல்கிறது. ஆயினும் அவனுக்கு அது கோட்டையாகத் தோன்றவில்லை. "அது மலை நன்னா. கோட்டைன்னா நாலு கொத்தளம் இருக்கணும்" என்றான். டென்மார்க் நாட்டில் வரைந்த படம் ஒன்று அவலூர்பேட்டைப் பிள்ளையின் கண்ணை எப்படிப் பழக்கிவிட்டது பாருங்கள்!

அந்த நிறுவனத்தைக் குறை கூறவில்லை. 1932ஆம் ஆண்டில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஒரு தச்சர் தொடங்கிய மரப்பொம்மைப் பட்டறை அது. மேலே குமிழும் உள்ளே குழாயும் உடைய இன்றைய பிளாஸ்டிக் கட்டைக்கு 1958 ஜனவரியில் காப்புரிமை கோரினார்கள். அன்று செய்த கட்டை இன்று செய்த கட்டையோடு பொருந்தும் என்பதே அதன் சிறப்பு. எட்டுக் குமிழுள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறினை மட்டும் வைத்துக்கொண்டு 91 கோடிக்கும் மேற்பட்ட விதங்களில் இணைக்கலாம் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களுடைய முதல் பெரிய கோட்டைப் பெட்டி 1978இல் வெளிவந்தது. அக்கோட்டை மஞ்சள் நிறம்! சாம்பல் நிறக் கட்டைகளைக் கொடுத்தால் பிள்ளைகள் பீரங்கி வண்டி செய்யத் தொடங்கிவிடுவார்கள் என்று முதலாளி அஞ்சியதே காரணம் என்பர். 2022இல் வந்த கோட்டையிலோ 4514 துண்டுகள். வளர்ந்தவர்களும் அமர்ந்து கட்டுகிறார்கள். குறை அந்தப் பெட்டியில் இல்லை. நம் கோட்டைக்கு ஒரு பெட்டி இல்லாததுதான் குறை.

ஒரு சனிக்கிழமை பஜ்ரு தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம். அவன் கையில் கோடிட்ட நோட்டு, பென்சில், ஓர் அளவுகோல்.

செஞ்சி என்பது ஒரு கோட்டையன்று. மூன்று மலைகளின் மேல் மூன்று கோட்டைகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்றையும் மதிற்சுவர்கள் முக்கோணமாக இணைக்கின்றன. நாயக்கர்கள் ஆண்ட கோட்டை 1649இல் பீஜப்பூர் சுல்தான்கள் வசமாயிற்று. 1677இல் சிவாஜி கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட வேண்டியிருந்தது. பின்னர் பிரெஞ்சுக்காரர், அவருக்குப் பின் 1761இல் ஆங்கிலேயர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியர் காலத்துப் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்திற்கு வெளியே அப்பட்டியலில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே.

ராஜகிரியின் படிகளில் வெயில் ஏறுமுன் ஏறத் தொடங்கினோம். குரங்குகளுக்கு எங்கள் இட்லிப் பொட்டலத்தின் மீது கண். பாதி வழியில் பேரன் நின்றுவிட்டான். களைப்பினால் என்று நினைத்தேன். இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நன்னா, இங்க செவுரு ஏன் பாதியில நின்னுபோச்சு?"

பார்த்தேன். இரண்டு பெரும்பாறைகளுக்கு இடையே மட்டும் சுவர் இருந்தது. பாறை செங்குத்தாக நிற்கும் இடத்தில் சுவர் இல்லை. யாரும் ஏற முடியாத இடத்தில் சுவர் எதற்கு? பாறை எங்கே இடைவெளி விட்டதோ அங்கே மட்டும் கொத்தனார் கல்லடுக்கியிருக்கிறார். அறுபது வயதைக் கடந்த நான், எத்தனையோ முறை வந்தும் இதைக் கவனித்ததில்லை. பிள்ளை நோட்டை எடுத்துப் பாறைகளை வட்டங்களாகவும் சுவர்களைக் கோடுகளாகவும் வரைந்தான். வட்டங்கள் நிறைய, கோடுகள் சொற்பம்.

"அப்ப நம்மகிட்ட இருக்கிற கட்டை போதும் நன்னா!" என்றான்.

உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பிளவு இருக்கிறது. ஏறத்தாழ 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் ஒரு சிறு பாலம். அன்றைக்கு மரப்பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். பெட்டியிலிருந்த தூக்குப் பாலம் தன் பிள்ளைக்குத் தாயகத்திலும் உண்டு என்பதைக் காட்ட மருமகனுக்கு அங்கிருந்தே ஒரு படம் அனுப்பினோம். அவருக்கு அது வேலை நேரம். மறுமொழி இரவில்தான் வந்தது.

இல்லம் திரும்பியதும் வேலை தொடங்கியது. முதல் சிக்கல், அளவு. பெட்டியிலுள்ள பொம்மை வீரனின் உயரம் நான்கு சென்டிமீட்டர். ராஜகிரி தரையிலிருந்து ஏறத்தாழ 800 அடி. வீரனுக்கு ஏற்றபடி மலையைச் செய்தால் மலை 19 அடி உயரம் வேண்டும். எங்கள் ஓட்டு வீட்டின் கூரையைப் பிரித்தாலும் போதாது! மனிதரை வைத்தால் மலைக்கு இடமில்லை. மலையை வைத்தால் மனிதர் காணாமற்போய்விடுகிறார்கள்.

இரண்டு நாள் முகவாட்டத்திற்குப் பின் மலையே வெற்றி பெற்றது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்று முடிவு செய்தோம். அப்போது நிகழ்ந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்புத்தான். கட்டையின் மேலுள்ள குமிழ்கள் எட்டு மில்லிமீட்டருக்கு ஒன்றாக அமைந்தவை. மலைப்பிளவின் அகலம் ஏறத்தாழ ஒரு குமிழ். வெளிமதிலின் தடிப்பு 60 அடி. அது இரண்டு குமிழுக்குச் சற்று அதிகம். 80 அடி அகழி மூன்று குமிழ். கட்டைகளில் மூன்றிலொரு பங்கு கனமுள்ள தகட்டு வகை ஒன்று உண்டு. ஒரு தகடு கல்யாண மகாலின் ஒரு மாடிக்கு ஈடாயிற்று. தகடுகளை அடுக்கி, உச்சிக்குச் சரிவுக் கட்டைகள் நான்கை வைத்ததும் அந்தக் கூம்புக்கூரை அப்படியே வந்துவிட்டது. அந்த மகாலின் மேல் மாடிகளுக்குச் சுடுமண் குழாய்களில் நீர் ஏற்றியிருக்கிறார்கள். அதைச் செய்யத்தான் எங்களிடம் வழியில்லை.

மலைக்குக் கட்டைகளைச் செலவிடவில்லை. ஏரிக்கரையோரம் பொறுக்கி வந்த கருங்கற்களே மலை. சாண் உயரக் கல் ஒன்று ராஜகிரி ஆயிற்று. கல்லின் வளைவில் நேர்க்கோட்டுக் கட்டை உட்காராது அல்லவா? களிமண்ணைப் பிசைந்து அடியில் கொடுத்தோம். கட்டைகளை அடுக்கும்போது மேல் வரிசையின் இணைப்பு கீழ் வரிசையின் இணைப்பின் மேல் வரக்கூடாது. வந்தால் சுவர் பிளக்கும். இதை எங்கள் தெருக் கொத்தனார் வந்து ஒரு பார்வையில் சொல்லிவிட்டுப் போனார். மலைகளுக்கு இடையேயுள்ள தூரத்தை மட்டும் சுருக்கிவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உண்மைத் தூரத்தை வைத்தால் மதில் கூடத்தைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடும்.

அடுத்து வந்தது பள்ளிவாசல். கோட்டைக்குள் நவாப் சாதத்துல்லா கான் பெயரால் வழங்கும் பள்ளிவாசல் இருக்கிறது. பாரசீகக் கல்வெட்டும் உண்டு. பெட்டியில் பள்ளிவாசலுக்கென்று எந்தத் துண்டும் கிடையாது. தலைகீழ்ச் சரிவுக் கட்டைகள் இரண்டை எதிரெதிரே வைத்தால் நடுவில் வளைவு போன்ற ஓர் இடைவெளி கிடைக்கிறது என்பதைப் பேரனே கண்டுபிடித்தான். அளவுக்கு அது மிகப் பெரிதுதான். கோட்டையில் மற்ற எதற்கும் கொடுக்காத சலுகையை நாங்கள் அதற்குக் கொடுத்தோம்.

அந்தப் பள்ளிவாசல்தான் கேள்வியைக் கொண்டு வந்தது. பெட்டியில் இரண்டு வகைக் கேடயங்கள்: சிங்கம் ஒன்று, கழுகு ஒன்று. எவர் எந்தப் பக்கம் என்று தீர்மானித்தாக வேண்டும். நான் தேசிங்கு ராஜன் வரலாற்றைச் சொன்னேன். தேஜ் சிங் என்பது அவர் இயற்பெயர். தந்தை ஸ்வரூப் சிங் மறைந்தபின் செஞ்சியை ஏற்ற புந்தேலா இளைஞர். கப்பப் பாக்கியைக் கேட்டு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படை நடத்தி வந்தார். 1714 அக்டோபரில் சில நூறு குதிரை வீரர்களோடு எதிர்த்து நின்ற தேசிங்கு களத்தில் வீழ்ந்தார்.

"அப்ப நவாபுதான் நம்ம பக்கம். நாம ஜெயிச்சோம்" என்று சிங்கக் கேடயத்தை எடுத்தான் பேரன்.

"சற்றுப் பொறு. தேசிங்கின் பக்கத்தில் நின்று உயிரைக் கொடுத்தவர் யார் தெரியுமா? மஹபத் கான்."

நாட்டுப்புறக் கதைப்பாடல் அவரைப் புதுமாப்பிள்ளையாகவே காட்டுகிறது. திருமணப் பந்தலில் இருந்தவர், தோழனின் அழைப்பு வந்ததும் நீலவேணி என்னும் குதிரையில் ஏறிக் களத்துக்குப் புறப்பட்டார் என்பது கதை. செஞ்சியை அடுத்த நீலாம்பூண்டியில் அவர் அடங்கியிருப்பதாக அவ்வட்டார மக்கள் நம்புகின்றனர். நவாபும் பகைவனை இழிவு செய்யவில்லை. தேசிங்கின் உடலுக்கு உரிய மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கச் செய்தார். உடன்கட்டை ஏறிய அவர் மனைவியின் நினைவாகவே ராணிப்பேட்டைக்கு அப்பெயர் வைத்தார் என்று கூறப்படுகிறது. (அதே ராணிப்பேட்டையில் இன்று பன்ஸ்கூல் நிறுவனத்தின் பொம்மைத் தொழிற்சாலை ஒன்று இயங்குகிறது என்று நான் சொன்னபோதுதான் பேரன் நிமிர்ந்து பார்த்தான்.)

அவன் நெடுநேரம் பேசவில்லை. கேடயங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். "நன்னா, அப்ப நாம எந்தப் பக்கம்?" என்று கடைசியில் கேட்டான். எனக்கு உடனே விடை வரவில்லை. "கொத்தனார் பக்கம்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால் கேடயங்களும் கொடிகளும் பெட்டிக்குள் போயிருந்தன. மதில் மேல் வீரர்கள் எங்கே என்று கேட்டேன். குமிழைத் தொட்டுக் காட்டினான். ஒரு குமிழின் உயரம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆயிரத்தில் ஒரு பங்கில் அதுதான் ஒரு மனிதனின் உயரம்! மதிலின் மேல் வரிசை வரிசையாக நின்ற குமிழ்கள் எல்லாம் காவலர்கள். பெரிய பொம்மைகளில் இரண்டை மட்டும் அவன் ஒதுக்கவில்லை. கோட்டைக்கு வெளியே, மலைக்கு மலையாக, இரண்டு குதிரை வீரர்கள் பக்கம் பக்கமாக நின்றார்கள்.

என் துணைவியாருக்கு உருவப் பொம்மைகள் வீட்டில் இருப்பதில் முன்பிருந்தே மனக்குறை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் துணியாலான இறக்கைகளோடு ஒரு குதிரைப் பொம்மை இருந்ததையும், குதிரைக்கு இறக்கையா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்டபோது, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் சொன்னதையும், அது கேட்டு அண்ணலார் சிரித்ததையும் நினைவூட்டினேன். அவரும் சிரித்துவிட்டார். மாலையில் பார்த்தால், தையல் பெட்டியிலிருந்து இரண்டு துண்டுத் துணி நீலவேணியின் முதுகில் ஏறியிருந்தது. யார் கைவேலை என்று நான் கேட்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மருமகனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பெருநாள் தொழுகை முடிந்து கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசியபோது, பேரன் கோட்டையைச் சுற்றி மெல்ல மெல்ல நடந்து காட்டினான். பிளவின் மேல் பாலமாக ஒரே ஒரு குமிழ் அகலத் தகடு. அதை எடுத்துக் காட்டி, மீண்டும் வைத்துக் காட்டினான். அங்கிருந்து, "இது என்ன, நாம பஸ்ஸில் போகும்போது பார்க்கும் மலையா?" என்று குரல் வந்தது.

இப்போது அவனுக்கு வேலூர்க் கோட்டை மீது ஆசை வந்திருக்கிறது. அது சமதரைக் கோட்டை. சுற்றிலும் நீர் நிறைந்த அகழி. அதற்குக் கருங்கல் பொறுக்கி வந்து ஒப்பேற்ற முடியாது, எல்லாமே கட்டைகள்தாம். சாம்பல் நிறத்தில் எட்டுக் குமிழ்க் கட்டை இத்தனை, நான்கு குமிழ்க் கட்டை இத்தனை, நீலத் தகடு இத்தனை என்று நோட்டில் பட்டியலெழுதி, படம் பிடித்துத் துபாய்க்கு அனுப்பிவிட்டான். "இன்ஷா அல்லாஹ், வரும்போது நானே கொண்டு வருகிறேன்" என்று பதில் வந்திருக்கிறது. பட்டியலில் நீலத் தகடுகளின் எண்ணிக்கையை நேற்று திருத்திக்கொண்டிருந்தான். அகழியின் அகலத்தை அளந்து வர வேலூருக்குப் போக வேண்டுமாம்.