இருமத் தெரியாத உயிர்

“மூக்குல ரத்தங் கட்டியிருக்குதுங்க டாக்டர்” என்று சாக்கைப் பிரித்துக் காட்டினார், தேயிலை பறிக்கும் அக்கா ஒருவர். கார்த்திகை மாதம். உள்ளே ஒரு காட்டாமை. திருவிதாங்கூர் பெயரைத் தாங்கிய, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் வெற்றிலை போட்ட வாய்போலச் சிவப்பு. அதுவரை மாடும் ஆடும் பார்த்த கை என்னுடையது. ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டேன். பக்கத்தில் நின்ற காடர் பழங்குடிப் பெரியவர்தான் தடுத்தார்: “சோடி சேருற காலமுங்க. அப்படித்தான் செவக்கும்.” அன்று மாலையே, அதை எடுத்த ஓடைக்கரையிலேயே திரும்ப விட்டோம்.

அதன் பிறகு நிறத்தை விட்டுவிட்டு ஈரத்தைப் பார்க்கப் பழகினேன். ஆமையின் மூக்குத்துளை உலர்ந்திருக்க வேண்டும். சளிக்குமிழ் ஒன்று உடைந்தாலும் சந்தேகம்தான். ஆனால் தூக்கிய மாத்திரத்தில் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும் பிராணியிடம் குமிழுக்குக் காத்திருந்தால் பொழுது போய்விடும். முன்னங்காலின் உட்புறத்தைப் பார்ப்பேன். ஒழுகும் மூக்கை அதில்தான் துடைத்துக்கொள்ளும். சளியும் மண்ணும் காய்ந்து பொருக்காக ஒட்டியிருக்கும். நாள்பட்ட நோய் என்றால் மூக்குத்துளையின் ஓரம் அரித்துப்போய், இமை வீங்கியிருக்கும்.

மாட்டுக்குச் சளி என்றால் இருமல் நம்மைத் தேடி வரும். ஆமைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. ஓட்டின் கூரைக்கு அடியில் நுரையீரல். காலையும் தோளையும் அசைத்துத்தான் மூச்சு விடுகிறது. இருமிச் சளியை வெளியே தள்ள அதற்கு வழியில்லை. ஓட்டின்மேல் ஸ்டெதாஸ்கோப்பை அப்படியே வைத்தால் உரசல் சத்தம்தான் கேட்கும். ஈரத்துண்டு ஒன்றை நடுவே விரித்துவிட்டுக் கேட்டால் கொஞ்சம் பேசும். அதைவிட நான் நம்புவது தராசை. வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே தராசில்.

ஆமைகளின் நாள்பட்ட மூச்சுநோயைப் பற்றி உலகம் அதிகம் கற்றது அமெரிக்காவின் மொஹாவி பாலைவன ஆமைகளிடம்தான். அந்த இனம் 1990இல் அங்கே அச்சுறுத்தலுக்கு உள்ளானதாகப் பட்டியலில் ஏறியது. நோயும் அதற்கு ஒரு காரணம். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர்தான் மூலம் என்று 1994இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அதற்குச் செல்சுவரே கிடையாது. சுவரை உடைக்கும் பென்சிலின் எதை உடைப்பது? வேறு மருந்துகள் உண்டு. அவற்றையும் முன்னங்காலில்தான் போட வேண்டும். பின்னங்காலில் போட்டால் ரத்தத்தோடு முதலில் சிறுநீரகத்துக்குப் போய்விடலாம். மருந்து போட்டால் மூக்கு உலரும், ஆமை தீனி எடுக்கும். நோய் போய்விட்டது என்று மட்டும் சொல்ல முடியாது. உள்ளே அடங்கிக் கிடந்து, குளிரிலோ பட்டினியிலோ மறுபடி கிளம்பும். வீட்டில் வளர்த்த ஆமைகளை இரக்கப்பட்டுப் பாலைவனத்தில் விட்டதும் நோய் பரவ ஒரு வழியாக இருந்திருக்கும் என்று அங்கே கருதுகிறார்கள்.

இந்த இரக்கம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. நட்சத்திர ஆமை கீழ்நாட்டு முட்புதர்க்காட்டு உயிர். அதிர்ஷ்டம் என்று வீட்டில் வைப்பவர்கள் உண்டு. பெட்டி பெட்டியாகக் கடத்துபவர்கள் உண்டு. 2019இல் அதன் சர்வதேச வணிகத்தை முற்றாகத் தடுக்கும் பட்டியலில் சேர்த்த பிறகும் பிடிபடுவது நிற்கவில்லை. வெவ்வேறு ஊர் ஆமைகள் ஒரே பெட்டியில் மூச்சு முட்டக் கிடந்தால் ஒன்றின் சளி எல்லாவற்றுக்கும்தான்.

ஒருநாள் ஆழியாறு வழியாக நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தார் ஒருவர். அட்டைப்பெட்டியில் நட்சத்திர ஆமை. “நல்ல பச்சைக் காடா பார்த்து விட்டுடலாமுங்க, புண்ணியமாப் போகும்.” ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மலை இது, கரட்டு வெயிலில் காய்ந்த உடம்புக்கு இந்த ஈரமே பாதி நோய். மீதிப் பாதியை அது காட்டாமைக்குக் கொடுக்கும். எங்கள் காட்டாமையிடம் அந்த நோய் இருப்பதாக நான் சொல்லவில்லை. இல்லாத இடத்துக்குக் கொண்டு வர வேண்டாம் என்கிறேன். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு அதைத் தனிக்கூடையில் வைத்தேன். உட்காலில் பொருக்கு இருந்தது.

அன்று சாயங்காலமே ஓடைக்கரையில் காட்டாமை ஒன்றைக் கண்டதாக ஆள் வந்து கூப்பிட்டார். செருப்பைப் பிளீச்சிங் தண்ணீரில் முக்கி எடுத்து, சட்டை மாற்றி, புதுக் கையுறையோடு போனேன். தொடவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டார்ச்சைத் தணித்து, அதுவாகத் தலையை நீட்டட்டும் என்று முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். அட்டை நாலைந்து ஏறிவிட்டன. நீட்டியது. மூக்கு சிவந்திருந்தது, உலர்ந்திருந்தது.