புதுப்பேட்டையில் ஒரு டப்பா ரப்பர்

எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி, ராஜரத்தினம் ஸ்டேடியம் பக்கமாக அப்படியே நடந்து பாருங்கள். கொஞ்ச தூரத்திலேயே காற்றில் வாசம் மாறும். பழைய இன்ஜின் ஆயில், துரு, வெல்டிங் புகை, பக்கத்துக் கடை டீ... எல்லாம் கலந்து அடித்தால் புதுப்பேட்டை வந்துவிட்டது என்று அர்த்தம். 2006-ல் வந்த தனுஷ் படம்தான் உங்களுக்கு ஞாபகம் வரும். ஆனால், வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது வேற ஊர். கதவுகள் ஒரு பக்கம், பம்பர்கள் ஒரு பக்கம் என்று வண்டிகளைப் பிரித்துப் போட்டு விற்கும் ஊர்.

இங்கே நான் போனது, கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு. உள்ளே பாட்டியின் ஊறுகாய் இல்லை மக்களே, ஊறப்போட்ட ரப்பர்!

தாம்பரத்தில் எங்கள் வீட்டு ஷெட்டில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நிற்கிறது. இத்தாலிக்காரர் மிச்செலோட்டி வரைந்த வண்டி, இங்கே 1961-லிருந்து நம்ம மெட்ராஸிலேயே தயாரானது. தாத்தா அதை 1975-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அப்பா பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அதில்தான். வண்டி நின்றுபோய்ப் பல வருஷம் ஆச்சு. அடுத்த மாசம் தாத்தாவுக்கு எண்பதாம் கல்யாணம். "அந்த வண்டியில பாட்டியோட கோயிலுக்குப் போகணும்மா" என்று ஒரே ஒரு ஆசை சொன்னார். வீட்டில் மெக்கானிக்கல் படிக்கும் ஒரே ஜீவன் நான். "டன் தாத்தா" என்று சொல்லிவிட்டேன். வாய் இருக்கே!

இன்ஜின் கூட சீக்கிரம் வழிக்கு வந்துவிட்டது. வழிக்கு வராதது ரப்பர்தான். கதவு பீடிங் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. கண்ணாடி பீடிங் கல்லாகிக் கிடக்கிறது. வீல் சிலிண்டரைப் பிரித்தால், உள்ளே இருக்கும் பிரேக் கப் பழைய சட்டைப் பட்டன் மாதிரி விறைப்பு.

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியை ஒரு நிமிஷம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள் (தூங்கினவங்களுக்கு இது ரிவிஷன்). பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-ல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும் என்று கண்டுபிடித்தார். நூல் நூலாகக் கிடக்கும் மூலக்கூறுகளுக்கு நடுவே கந்தகம் பாலம் போடுகிறது. அதுதான் வல்கனைசேஷன். வருஷங்கள் போகப் போக வெப்பமும் ஆக்சிஜனும் புதிது புதிதாகப் பாலங்கள் போட, ரப்பர் இறுகிப்போகிறது. மென்மைக்காகக் கலந்த எண்ணெய் கசிந்து போய்விடுகிறது. காற்றில் இருக்கும் ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பரைக் குறுக்கே கீறிவிடுகிறது.

இதற்கு வைத்தியமாகப் பழைய கார் பிரியர்கள் சொல்வது விண்டர்கிரீன் தைலம். நம்ம நீலகிரியிலேயே அந்தச் செடி இருக்கிறது. போன லீவில் ஊட்டியிலிருந்து முழங்கால் வலிக்கென்று அம்மா வாங்கி வந்த பாட்டில், அலமாரியில் சும்மா இருந்தது. சுட்டுவிட்டேன். தைலம் ஒரு பங்கு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் மூணு பங்கு. எல்லா ரப்பரையும் போட்டு மூடி, ரெண்டு நாள் கழித்துத் திறந்தால்... மேஜிக்! கல்லாக இருந்தது களிமண் மாதிரி வளைகிறது. பிரேக் கப் கூட பளபளவென்று புதுசு போல. வீடு முழுக்க மூவ் வாசனை. "யாருக்குடி சுளுக்கு?" என்று பாட்டி கேட்டது தனிக் கதை.

அந்தப் பெருமையோடுதான் புதுப்பேட்டை போனேன். பீடிங்குக்கு மட்டும் மாற்று கிடைக்குமா என்று கேட்கத்தான். சந்துக்குள் ஒரு சின்னக் கடை. கூரை வரைக்கும் ஸ்டீயரிங்குகள். நடுவில் பாய் ஒருத்தர், அறுபது வயசு இருக்கும். பாட்டிலைத் திறந்ததும் மோந்து பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா, ரப்பருக்கு மூட்டு வலியா?"

பீடிங் துண்டை எடுத்து வளைத்தார். "இது ஓகே." அடுத்து பிரேக் கப். கட்டை விரல் நகத்தால் அதன் விளிம்பை ஒரு அழுத்து அழுத்தினார். நகம் பதிந்த தடம் அப்படியே நின்றது. பக்கத்திலிருந்த புது கப்பை என் கையில் கொடுத்து, "இத்த அழுத்து" என்றார். அழுத்தினேன். உடனே திமிறிக்கொண்டு எழுந்தது.

"வண்டி யாரு ஓட்டுவா?"

"அப்பா. தாத்தா, பாட்டி பின்னாடி உட்காருவாங்க பாய்."

"இந்தக் கப்பை நம்பியா உட்கார வெக்கப் போறே?"

அவ்வளவுதான். எனக்கு வாயே வரவில்லை.

அப்புறம் டீ வாங்கிக் கொடுத்து அவர் சொன்னதும், ரூமுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டியதும் ஒன்றுதான். தைலம் எதையும் ரிப்பேர் செய்வதில்லை. அறுந்த இழையை ஒட்டுவதில்லை. இழைகளுக்கு நடுவே புகுந்து ரப்பரை ஊதவைக்கிறது, அவ்வளவே. நரைத்த முடிக்கு டை அடிக்கிற மாதிரி. ஊதிய கப் சிலிண்டருக்குள் சிக்கினால் பிரேக் பிடித்தது பிடித்தபடி நிற்கும். தைலம் ஆவியாகிச் சுருங்கினால் ஓரத்தில் கசியும். பெடலை மிதித்தால் தரை வரைக்கும் போகும். இன்னொரு விஷயம்: நாம் பிரேக் ஆயில் என்று கூப்பிடுவது பெட்ரோலிய ஆயிலே இல்லை, கிளைகால் வகைத் திரவம். அதற்கென்றே செய்த ரப்பரில் இன்ஜின் ஆயிலோ கிரீஸோ பட்டால் போச்சு.

பாய் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். கண்ணுக்கு அழகு தருகிற ரப்பர், தண்ணீரையும் தூசியையும் தடுக்கிற ரப்பர் என்றால் ஊறவைத்துப் பார்க்கலாம். உயிரைப் பிடித்து நிறுத்துகிற ரப்பர் என்றால் புதுசுதான். பிரேக் கப், பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ்... இதிலெல்லாம் சென்டிமென்ட் கூடாது.

"ஹெரால்டுக்கு இப்போ கப் கிடைக்குமா பாய்?"

"கப்புக்கு வண்டி பேரு தெரியாதும்மா. சிலிண்டர் துளை அளவு மட்டும் கொண்டா."

வெர்னியரை வைத்து அளந்துகொண்டு மறுநாளே போனேன். லேபில் மார்க்குக்காக எத்தனை தடவை வெர்னியர் பிடித்திருப்பேன்! கை நடுங்க அளந்தது இதுதான் முதல் தடவை. கிடைத்தது. நொறுங்கிப்போன பீடிங்குக்கு, ஒரு இஞ்ச் வெட்டி எடுத்துக்கொண்டு அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குப் போகச் சொன்னார். அங்கே வெட்டு முகத்தைப் பொருத்திப் பார்த்து மீட்டர் கணக்கில் வாங்கினேன். ஊறிய கண்ணாடி பீடிங் மட்டும் விரிசல் இல்லாமல் தப்பித்தது. அதைத் துடைத்து, காயவைத்து, மறுபடியும் மாட்டிவிட்டோம்.

நீங்களும் வீட்டில் முயற்சி பண்ணப் போகிறீர்கள் என்றால் சில வார்த்தைகள். ஆல்கஹால் பற்றிக்கொள்ளும், அடுப்பு பக்கமே போகாதீர்கள். தைலம் தோல் வழியாகவே உள்ளே போகும், கிளவுஸ் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கொஞ்சம் விழுங்கினாலே விஷம், குட்டீஸ் கைக்கு எட்டக்கூடாது. முதலில் ஒரு சின்னத் துண்டை மட்டும் ஊறவைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் விட ஈஸியான வழி, ரப்பர் கெடும் முன்பே கவனிப்பது. வண்டியை நிழலில் நிறுத்துங்கள். பீடிங்கை சோப்புத் தண்ணீரில் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். பளபளப்புக்காக டீசல் போட்டுத் துடைக்கிறவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தெருவில் ட்ரையல் பார்த்தோம். அப்பா ஓட்ட, நான் முன் சீட்டில். தாத்தா வாசலில் நின்று பார்த்தார். முனையில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அப்பா மிதித்தார். வண்டி நின்றது.

தாத்தா கை தட்டினார். அவருக்கு இந்த கப் மேட்டர் எதுவும் தெரியாது. பாட்டிலில் மிச்சமிருந்த பழைய கப்பை நான் தூக்கிப் போடவில்லை. ஹாஸ்டல் மேஜையில் கால்குலேட்டர் பக்கத்தில் இருக்கிறது. தைலம் ஆவியாகி, அது இப்போ மறுபடியும் கல்.